பச்சை ஷுண்டியா, காய்ந்த ஷுண்டியா?

அடுத்தவர் தொண்டையில் வலி என்று தெரிந்த பிறகும் வைத்தியம் சொல்லாமல் ஒரு மனிதரால் இருக்க முடியுமா? மைசூர் அக்ரஹாரத்துக் கேசவமூர்த்தியின் அறுபது வருஷ வாழ்க்கை எழுப்பிய கேள்வி அது ஒன்றுதான். தொண்டை வைத்தியர் என்ற இனத்தை நீங்கள் அறிவீர்கள். நாடி பார்க்கமாட்டார், கையில் மருந்து இராது, கூப்பிடவும் வேண்டாம். நீங்கள் ஒரு தடவை செருமினால் போதும், மூன்றாவது வீட்டில் அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை செலுவநாராயணன் செருமினார். பள்ளிக்கூட உபாத்தியாயர், மூன்று வருஷமாகத் தற்காலிக வேலை. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் முன்னால் ஒரு மணி நேரம் பாடம் நடத்திவிட்டால் வேலை நிரந்தரம். குரல் எழும்பாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு.

"எரியறதா, குத்தறதா?" என்றார் கேசவமூர்த்தி.

செலுவநாராயணன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"ஜாடை எதுக்கு ஓய்? வாயைத் திறந்து சொல்லும். முழுங்கறச்சேயா, பேசறச்சேயா?"

"பேசறச்சே."

"எங்கே, இன்னும் கொஞ்சம் பேசும், பார்ப்போம்."

பிறகு உப்பு வெந்நீர்க் கொப்பளிப்பு, மஞ்சள் போட்ட பால், பாலில் மிளகு, மிளகு போட்டால் பால் கூடாது என்ற திருத்தம், துளசிக் கஷாயம், கழுத்தில் கம்பளி, இதே வலியோடு நஞ்சன்கூட்டில் மூன்று மாதம் கிடந்த ஒரு தாலுகா அமல்தாரின் முழு வரலாறு, கடைசியாகக் கடைவாயில் ஒரு துண்டு ஷுண்டி. இரண்டு மணிக்கொரு தரம் வந்து, "இப்போ எப்படி இருக்கு? விவரமாச் சொல்லும்."

சனிக்கிழமை பாதிக் குரல் போயிற்று. வைத்தியம் தோற்றதா? இந்த இனத்தாரின் வைத்தியம் தோற்காது. கேசவமூர்த்தி உபாத்தியாயரின் மனைவி ஜயம்மாவைக் கூப்பிட்டார்.

"எந்த ஷுண்டி குடுத்தே?"

"சுக்குதான் மாமா."

"அதானே பார்த்தேன். நான் சொன்னது பச்சை ஷுண்டி."

கன்னடத்தில் இஞ்சியும் ஷுண்டி, சுக்கும் ஷுண்டி. அவள் இஞ்சி கொடுத்திருந்தால் இவர் சொன்னது சுக்காகியிருக்கும். எப்படி முடிந்தாலும் பொய்க்காத தத்துவத்தைத் தேடி எத்தனையோ பேர் தடித்தடியாகப் புத்தகம் எழுதினார்கள். இவருக்கு விரலளவு துண்டு போதுமாயிருந்தது.

ஞாயிறு காலை குரல் வெறும் காற்று.

"ராத்திரி தூங்கினீரா? எத்தனை தரம் இருமினீர்?"

செலுவநாராயணன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஜயம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"மாமா, தொண்டைவலி அதுவா வந்தது. குரல் உங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் போச்சு."

கேசவமூர்த்தி வெளியே போய், வாசற்கதவைச் சாத்தி, படியில் உட்கார்ந்துகொண்டார். தேன் கிண்ணத்தோடு வந்த எதிர்வீட்டு ஸத்யபாமாவை, கஷாயச் செம்போடு வந்த இன்னொருவரை, வெறும் யோசனையோடு வந்த நால்வரை, உதட்டில் விரலை வைத்துத் திருப்பி அனுப்பினார். விளக்கேற்றும் நேரத்தில்தான் எழுந்து போனார்.

திங்கட்கிழமை உபாத்தியாயரின் குரல் கரகரத்தது. ஆனாலும் கடைசி பெஞ்சுவரை போயிற்று. வேலையும் நிரந்தரமாயிற்று.

ஒரு பகல் முழுக்க வாயை மூடியிருந்தது ஏன் என்று பலர் கேட்டார்கள். கேசவமூர்த்தி கடைசிவரை சொல்லவில்லை.

அந்தத் தேனையாவது உள்ளே விட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? செருப்பைத் தேடாதீர்கள், உட்காருங்கள்.