ஜாதிக்காயில் பூத்த வட்டங்கள்

போட்டோவின் பின்னணியை அழகுபடுத்துகிற எவரையும் நான் நம்புவதில்லை. "சும்மா, பார்க்க நல்லா இருக்கட்டுமேன்னு" என்பார்கள். பொய். பின்னால் கொடியில் உள்பாவாடை காயும், இல்லை கழுவாத பாத்திரம் குவிந்து கிடக்கும், இல்லை பேச்சுவார்த்தை நின்றுபோன சித்தப்பா நிற்பார். இதை இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், அந்த வேலையில் நான் பட்ட பாடு அப்படி.

கல்யாணமாகி விருதுநகரிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்த புதிது. மாமனார் வீட்டில் தலைமுறை தலைமுறையாக மலைச்சரக்கு வியாபாரம். கொச்சங்காடியில் ஒரு குடோன். அதில் ஜாதிக்காய், கிராம்பு, சுக்கு. என் வீட்டுக்காரர் வெலிங்டன் தீவில் ஒரு ஆபீசில் வேலை, காலையில் போனால் இருட்டித்தான் வருவார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் போட்டோ எடிட்டிங் கோர்ஸ் முடித்தவள் நான் (சர்டிபிகேட்டை ஃப்ரேம் போட்டு சீதனத்தோடு கொண்டுவந்திருந்தேன், ஆணி அடித்து மாட்டத்தான் யாருக்கும் தோன்றவில்லை). குடோனில் எனக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று மாமாவிடம் கேட்டேவிட்டேன்.

மாமா தாடையைத் தடவினார். எனக்காகப் பேசியது மாமியார்தான். "போகட்டுமே. சரக்கைப் போட்டோ புடிச்சு பார்ட்டிகளுக்கு அனுப்பட்டும். இப்போ யாரு நேரில வந்து பார்க்கிறா, எல்லாம் போன்லதானே?" என்றார். "சரி, இந்த ஜாதிக்காய் சீசன் மட்டும் பார்ப்போம். ஒத்துவரலேன்னா வீட்டோட இருந்துக்கணும்" என்று மாமா முடித்துவிட்டார்.

நான் காலில் சக்கரம் கட்டாத குறையாக உள்ளே ஓடினால், அத்தை என்னை அடுக்களைக்குள் இழுத்தார். "இங்க பாரு. உங்க மாமாவுக்கு சுகர் கண்டமேனிக்கு ஏறிக் கெடக்கு. பக்கத்து சாயாக்கடையில பழம்பொரி போடுற வாசனை வந்தா மனுஷனுக்கு இருப்பு கொள்ளாது. நீ ஒரு கண்ணு வச்சுக்கோ. பார்த்தா எங்கிட்ட சொல்லணும், கேட்டியா?"

ஆக, நாற்காலி வாங்கிக் கொடுத்தது அத்தை. நாற்காலியில் உட்கார விடவேண்டியது மாமா. நடுவில் ஒரு பழம்பொரி. நேந்திரம்பழத்தை நீளமாக வெட்டி மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டு எடுக்கிற அந்த அப்பாவிப் பண்டம் என் குடியைக் கெடுக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

முதல் போட்டோ ஜாதிக்காய். மழை கொஞ்சம் விட்டு, வாசல் வழியாக வெயில் உள்ளே விழுந்த நேரம். சாக்கைத் திறந்து வைத்து எடுத்தேன். காயெல்லாம் எண்ணெய் பூசினாற்போல மின்னின. பெருமை தாங்காமல் லேப்டாப்பில் ஏற்றிப் பெரிதாக்கிப் பார்த்தேன். 

சாக்குகளுக்குப் பின்னால் மாமா. குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். வலது கையில் ஒரு பழம்பொரி, பாதி வாய்க்குள். இடது கையில் இன்னொன்று, முறைக்குக் காத்திருக்கிறது. கண் பாதி மூடி, சாமி கும்பிடுகிறவர் முகத்தில்கூட அவ்வளவு நிம்மதியை நான் கண்டதில்லை.

(வேறு போட்டோ எடுத்திருக்கலாமே என்கிறீர்களா? எடுத்திருக்கலாம்தான். அதற்குள் மழை மறுபடி பிடித்துக்கொண்டது, வெளிச்சம் போய்விட்டது, சாக்கையும் தைத்து மேலடுக்கில் ஏற்றிவிட்டார்கள். அதோடு, கோர்ஸ் படித்தவளுக்குக் கை சும்மா இருக்குமா?)

முதலில் பின்னணியை மங்கலாக்கினேன். மாமா கரைந்து போனார். ஆனால் பழம்பொரி கரையவில்லை. தங்க நிறத்தில் இரண்டு திட்டு, அத்தை கண்ணுக்குக் கட்டாயம் தெரியும். அதன் மேல் மெல்லிய வெளிச்ச வட்டம் ஒன்று வைத்தேன். கல்யாண ஆல்பங்களில் பின்னால் விளக்கெல்லாம் பெரிய பெரிய முத்தாக மிதக்குமே, அதுதான். ஒரே ஒரு வட்டம் தனியாக நின்றால் சந்தேகம் வரும் என்று பக்கத்தில் இன்னொன்று. பின்னால் மட்டும் இருந்தால் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறதே என்று முன்னாலும் கொஞ்சம். பிரஷ்ஷைச் சிதறவிட்டால் ஒரே இழுப்பில் பெரிதும் சிறிதுமாக வட்டம் கொட்டும். இழுத்தேன், இழுத்தேன், ஆசை தீர இழுத்தேன். ஜாதிக்காயின் பழுப்புக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று வெள்ளையும் இளம் பச்சையும் கலந்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள்கூட இவ்வளவு அலங்காரம் பண்ணியிருக்க மாட்டாள்.

வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சாயா வாங்கிக் குடித்தேன். பாராட்டு வரும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தது வறீது சேட்டனின் போன். எங்களிடம் வருஷா வருஷம் ஜாதிக்காய் மொத்தமாக எடுக்கிறவர். மாமா எடுத்தார். கேட்கக் கேட்க முகம் சுண்டியது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரக்கில பூப்பல் பிடிச்சிருக்காமே?"

பூப்பல் என்றால் பூசணம். மழைக்காலத்தில் மட்டாஞ்சேரிச் சரக்குக் கடைகளில் அந்த வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒரு சாக்கில் இருக்கிறது என்று பேச்சு கிளம்பினால் போதும், குடோன் முழுக்க இருப்பதாக அர்த்தம். சின்னப் போன் திரையில் என் போட்டோவைப் பார்த்தேன். ஐயோ சாமி! வெள்ளையும் பச்சையுமாக, வட்டம் வட்டமாக, ஜாதிக்காய் மேல் சாட்சாத் பூசணம்.

மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். புத்திசாலி அல்லவா நான்? அவசர அவசரமாக வட்டங்களை முன்பக்கத்திலிருந்து மட்டும் அழித்து, பளிச்சென்று இன்னொரு போட்டோவை அதே குழுவில் போட்டேன். கீழே "சரியான படம்" என்று வேறு எழுதினேன்.

அடுத்த போன் உடனே வந்தது. இந்தத் தடவை ஸ்பீக்கரில். "எந்தா சேட்டா இது? இப்போ பூப்பல் இருந்நு, இப்போ இல்ல. சரக்கைக் கழுகினீங்களா, போட்டோவைக் கழுகினீங்களா? நாளைக்குக் காலையில நேரில வரேன். அந்தச் சாக்கு அங்கே இருக்கணும்."

மாமா திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. நாளைக்கே ஜன்னலோரத்துக்குத் திரும்பவேண்டியதுதான் என்று அழுகை அழுகையாக வந்தது.

காலையில் வறீது சேட்டன் மழைக்கோட்டோடு வந்து நின்றார். பின்னாலேயே அத்தையும். எதற்கு என்கிறீர்களா? "நான் சொல்லித்தானே இவ இங்க உக்காந்தா, என்னன்னு நானும் பார்க்கிறேன்."

சாக்கை அவிழ்த்தார்கள். சேட்டன் ஒரு காயை உடைத்தார், முகர்ந்தார், இன்னொன்றை உடைத்தார். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் மனசு சமாதானமாகவில்லை. "இது நல்லதுதான். ஆனா போட்டோவில கண்ட சாக்கு இதுதான்னு எனக்கு என்ன உறப்பு, என்ன உறுதி? நீங்க மாத்தி வச்சிருக்கலாமே."

"சேட்டா, அது பூப்பல் இல்ல. வெளிச்சம்" என்றேன்.

"வெளிச்சமா? இந்த குடோன்ல மொத்தமே ஒரு பல்பு. இத்தன வெளிச்சம் எங்கிருந்து வந்நு மோளே?"

"நான் போட்டது."

"அப்போ போடுறதுக்கு முன்னால உள்ள படம் காட்டு."

அவ்வளவுதான். நான் அத்தையைப் பார்த்தேன். மாமாவைப் பார்த்தேன். அவருக்குப் படத்தில் தானும் இருக்கிற விஷயம் தெரியாது. பாவம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "காட்டும்மா! தைரியமா காட்டு. மறைக்க நம்மகிட்ட என்ன இருக்கு?" என்றார்.

"மாமா, அது வந்து..."

"வந்தும் இல்ல, போயும் இல்ல. மூணு தலைமுறையா நேர்மையா நடக்கிற கடை இது. தொற!"

லேப்டாப்பைத் திறந்தேன். இந்த சாஃப்ட்வேரில் செய்வதெல்லாம் கண்ணாடித் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற மாதிரி. ஒவ்வொரு தாளுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் படம்; அதைத் தொட்டால் அந்தத் தாள் மறையும். வட்டத் தாளை மட்டும் மறைத்தேன். பூப்பல் போயிற்று. மறுபடி தொட்டேன், பூப்பல் வந்தது. சேட்டனுக்கு வாயெல்லாம் பல். "அம்பட! இது கொள்ளாமே, நல்லா இருக்கே!" என்று தானே தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

தப்பித்தேன் என்று மூடப்போனேன்.

"நில்லு. பின்னாடி மங்கலா இருக்கே, அங்க மஞ்சளா ஏதோ ரெண்டு காணுது. கேடு வந்த சாக்கு அங்க இருக்கா?"

"அது ஒண்ணுமில்ல சேட்டா."

"ஒண்ணுமில்லேன்னா எதுக்கு மங்கலாக்கினே?"

கேள்வி நியாயமானது. மாமாவோ பக்கத்தில் நின்று, "அதையும் எடும்மா, எடு! முழுசா பார்த்துட்டுப் போகட்டும்!" என்று வீரம் பேசுகிறார். எல்லா சாமியையும் வேண்டிக்கொண்டு அந்தக் கடைசிக் கண்ணைத் தொட்டேன்.

மாமா வந்தார். பளிச்சென்று, மீசையில் மாவுத்துகள் ஒட்டியிருப்பது வரைக்கும் தெரிய.

அத்தை முந்தானையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"பெரிசாக்கு" என்றார்.

பெரிதாக்கினேன்.

"இன்னும்."

திரை முழுக்கப் பழம்பொரி. கடித்த இடத்தில் பல் தடம்கூடத் தெரிந்தது.

"ரெண்டு கையிலயுமா?" என்றார் அத்தை, ரொம்ப அமைதியாக. மாமாவின் நேர்மையான மூன்று தலைமுறையும் சாக்குக்குப் பின்னால் ஒளிய இடம் தேடியது. பிறகு அத்தை என் பக்கம் திரும்பினார். "உனக்கு முன்னாடியே தெரியும். அதை மறைக்கத்தான் இத்தனை வட்டமும்."

"ஆமாம் அத்தை." அழுதுவிட்டேன். கேட்ட நாற்காலியும் போயிற்று, வாங்கித் தந்தவருக்கும் துரோகம். அந்த ஜாதிக்காய்ச் சாக்குக்குள்ளேயே விழுந்துவிடலாம் போலிருந்தது.

பேசியது மாமாதான். "அவளை ஒண்ணும் சொல்லாதே. தப்பு தின்னவன் மேல. என் மானம் போகக்கூடாதுன்னு அது தன் பேரைக் கெடுத்துக்கிட்டிருக்கு."

வறீது சேட்டன் அதற்குமேல் தாங்கவில்லை. மழைக்கோட்டோடு சாக்கின் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரக்கு முழுசும் எனக்குத்தான். இனிமே இந்தக் கடைப் போட்டோவை நான் கண்ணை மூடிட்டு விசுவசிப்பேன். இத்தன பாடுபட்டு ஒளிச்சதே ரெண்டு பழம்பொரிதானே!"

அவர் போனபிறகு அத்தை அந்த நாற்காலியை இழுத்து, வாசலைப் பார்த்துக் கிடந்ததை சாக்குகளைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். "உக்காரு" என்றார் என்னிடம். "ஆனா இனிமே போட்டோ எடுத்தா முதல்ல எனக்கு வரணும். ஒரு வட்டமும் இல்லாம."

இன்றைக்கும் அந்த நாற்காலி என்னுடையதுதான். எந்தச் சரக்கைப் படம் எடுத்தாலும் முதலில் அத்தைக்குப் போகும். அவர் சரக்கைப் பார்ப்பதே இல்லை, மூலை முடுக்கெல்லாம் பெரிதாக்கிப் பின்னணியைத்தான் பார்ப்பார். மாமாவுக்கோ, யார் போனை உயர்த்தினாலும் இரண்டு கையும் தானாக விரிந்துவிடும், இதோ பார் காலி என்று. போன மாதம் நாத்தனார் கல்யாணத்தில் மேடையிலும் அப்படியேதான் நின்றார். மாப்பிள்ளை வீட்டார் ஆல்பத்தைப் புரட்டி, "உங்க மாமனார் எவ்வளவு நல்ல மனுஷன், எல்லாப் படத்திலயும் ஆசீர்வாதம் பண்ணிக்கிட்டே இருக்காரே" என்று உருகினார்கள். எங்கள் அத்தை மட்டும் ஆல்பத்தை வாங்கி, அவருடைய வாயோரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.