செல்லமாகக் கூப்பிட்ட கதை

புதிதாக ஓர் ஊருக்கு வேலைக்குப் போகிற வாத்தியார்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். நீங்கள் வாயைத் திறந்ததும் வகுப்பே சந்தோஷமாகச் சிரித்தால், "ஆகா, பிள்ளைகளுக்கு என்னைப் பிடித்துவிட்டது" என்று உடனே முடிவு கட்டாதீர்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து ஆண்டு விழா வரைக்கும் கேட்கவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு, ஓசூர்ப் பக்கம் பேரிகைக்கு அருகில் ஒரு கிராமத்து மிடில் ஸ்கூலில் எனக்கு வேலை கிடைத்தது. அப்போது அந்தப் பக்கமெல்லாம் சேலம் ஜில்லா. எங்கள் அப்பா வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு எட்டு வச்சா மைசூர் ராஜ்யம்லா!" என்றார். ஒரு தகரப் பெட்டி, ஒரு ஜமக்காளம், 'மாணவர் மனம் அறிதல்' என்ற கட்டுரைக்குப் பயிற்சிப் பள்ளியில் வாங்கிய முதல் பரிசு, இவற்றோடு கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினேன். (கடைசியில் உதவியது ஜமக்காளம் மட்டும்தான். அந்த ஊர்க் குளிரைப் பற்றி என்னிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.)

எனக்கு ஏழாம் வகுப்பு கொடுத்தார்கள். பிள்ளைகள் என்னிடம் தமிழ் பேசுவார்கள், தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள், சண்டை முற்றினால் கன்னடத்துக்குப் போய்விடுவார்கள். எனக்குத் தமிழ் மட்டும்தான். அதுவும் நான் 'அங்கன', 'இங்கன' என்று பேசுகிற தமிழ் அவர்களுக்குப் பாதி புரியாது.

அந்த வகுப்பில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. மூக்கு ஒழுகினால் ஊளமூக்கன். பல் விழுந்தால் ஓட்டவாயன். ராஜம்மா என்று ஒரு பெண்ணுக்குப் பெரிய அழகான கண்கள். அவள் பெயர் முட்டக்கண்ணி. இந்தப் பெயர்களையெல்லாம் சூட்டுகிற அர்ச்சகர் முனிரத்தினம் என்கிற பையன். நல்ல நிலபுலன் உள்ள வீடு, நல்ல குரல். ஒரு நாள் ராஜம்மா கிணற்றடியில் உட்கார்ந்து, "நாளையிலிருந்து நான் வரமாட்டேன் டீச்சர்" என்று அழுதாள். எனக்கு ரத்தம் கொதித்தது. நேராக ஹெட்மாஸ்டரிடம் போனேன்.

அவர் சாது. மூன்று மொழியும் சரளமாகப் பேசுவார், எந்த மொழியிலும் குரலை உயர்த்த மாட்டார். மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு, "மெதுவா பண்ணுங்க டீச்சரம்மா. வாயை மூடினா மூக்கு வழியா வரும்" என்றார். எனக்கு அது மூக்குப்பொடியைப் பற்றிய பேச்சாகத்தான் பட்டது.

மறுநாளே சட்டம் போட்டேன். யாராவது யாரையாவது பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால், கூப்பிட்ட ஆளே மற்றவரை முழுப் பெயரோடு 'அவர்களே' சேர்த்து வகுப்பு முன்னால் அழைக்க வேண்டும். முதல் ஆளாக முனிரத்தினம் மாட்டினான். எழுந்து நின்று கைகூப்பி, "நாகராஜன் அவர்களே, தயவுசெய்து உங்க ஊளமூக்கைத் தொடச்சிக்கோங்க" என்றான்.

ஆனாலும் ஒரு மாதத்தில் வகுப்பு அடங்கிவிட்டது. ஊளமூக்கன் இல்லை, ஓட்டவாயன் இல்லை. ராஜம்மாவை எல்லோரும் 'கப்பா' என்று கூப்பிட்டார்கள். "அது என்ன?" என்றதற்கு, "பாசமா கூப்பிடறது டீச்சர்" என்றான் முனிரத்தினம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். (கப்பா என்றால் தெலுங்கில் தவளை. என் சட்டத்துக்குப் பிறகு அத்தனை பட்டப்பெயரும் மூட்டை கட்டிக்கொண்டு தெலுங்குக்குக் குடிபோயிருந்தன. எனக்கு மட்டும் ஊர் அமைதியாகத் தெரிந்தது.)

இந்தச் சமயத்தில்தான் கோதண்டராமன் என் கண்ணில் பட்டான். வாசல் ஓரத்தில் உட்காருவான். வயதுக்குச் சின்ன உருவம். காது இரண்டும் விரிந்திருக்கும். புளியமரத்தில் சரசரவென்று ஏறிவிடுவான், ஆனால் வகுப்பில் வாயைத் திறக்க மாட்டான். அவனை எல்லோரும் 'கோத்தி' என்று கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் சாமுவேல் என்றால் சாமு, தேவசகாயம் என்றால் தேவு. அதுபோல கோதண்டராமன் என்றால் கோத்தி. இதில் கேட்க என்ன இருக்கிறது?

அவனைப் பேச வைத்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். 'மாணவர் மனம் அறிதல்' கட்டுரையிலேயே எழுதியிருந்தேன், கூச்சமுள்ள பிள்ளையைச் செல்லப் பெயரால் அழைக்க வேண்டும் என்று.

"கோத்தி, இங்கன வா ராசா."

"கோத்தி, நீ நல்லா எழுதியிருக்க!"

"என் கோத்திக்கு இன்னிக்கு உடம்பு சரியில்லையோ?"

நான் கூப்பிடும்போதெல்லாம் வகுப்பு மலர்ந்து சிரிக்கும். முனிரத்தினம் பெஞ்சில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிப்பான். கோதண்டராமன் தரையைப் பார்ப்பான். கூச்சம், பாவம் என்று இன்னும் இரண்டு தடவை கூப்பிடுவேன்.

அவனும் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தான், அதுதான் வேடிக்கை. சாயங்காலம் மற்றவர்கள் போனபிறகு நின்று பேசுவான். ஏரியில் எந்தப் பறவை எப்போது வரும் என்று சொல்வான். அதையே ஒரு சின்னப் பேச்சாக எழுதிக்கொடுத்து, ஆண்டு விழாவில் பேச அவனைத் தயார் செய்தேன்.

விழா அன்று பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஜனங்கள் வந்திருந்தார்கள். தலைமை தாங்க ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். ஹெட்மாஸ்டர் என்னையும் பேசச் சொன்னார். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, 'பிள்ளைகள் ஒருவரையொருவர் இழிவாகப் பேசுவதை ஒழித்தது எப்படி?' (ஒழித்தே விட்டேன் என்றுதான் நினைப்பு.)

"பெரியோர்களே! ஒரு சொல் பிள்ளையின் மனசைக் கொன்றுவிடும். ஒரு சொல் வாழவைக்கும். என் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். வாயே திறக்க மாட்டான். நான் அவனை அன்பாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே பேச வைத்திருக்கிறேன். இப்போது உங்கள் முன்னால் பேசப்போகிறான்" என்று சொல்லி, இரண்டு கையையும் நீட்டி, பந்தல் அதிரக் கூப்பிட்டேன். "என் கோத்தி! மேடைக்கு வாடா, என் செல்லக் கோத்தி!"

பந்தல் சிரிப்பில் வெடித்தது. ஆண்கள் பக்கம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். என் பேச்சு எடுபட்டுவிட்டது என்று எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எல்லோரும் சேர்ந்து கூப்பிடுங்கள்!" என்றேன். கூப்பிட்டார்கள். மொத்தப் பந்தலும் கூப்பிட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுந்தார். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு மேடைக்கு நேராக வந்தார்.

"டீச்சரம்மா, எம் புள்ளைய என்னான்னு கூப்ட்ட?"

"கோத்தின்னுதாம்மா. செல்லமா."

"செல்லமா?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். மேடைப் படியில் கையில் காகிதத்தோடு நின்றிருந்த மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பந்தலைத் தாண்டிப் போய்விட்டார். கோதண்டராமன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹெட்மாஸ்டர் என் பக்கம் குனிந்தார். "கோத்தின்னா தெலுங்குல கொரங்கும்மா."

கன்னடக்காரர்களாவது என்னைத் தப்பாக நினைத்திருக்க மாட்டார்களே என்ற நப்பாசையில், "அப்ப கன்னடத்துல?" என்றேன்.

"கன்னடத்துலயும் கொரங்குதான்."

(எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பாஷையும் இதில் மட்டும் கைகோத்து நின்றன.)

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மாடு மேய்க்கப் போகிறான், இனிமேல் படிப்பு இல்லை என்று தகவல் வந்தது. அதுவரைக்கும் என் மானம் போனதை நினைத்துத்தான் நான் சோறு இறங்காமல் இருந்தேன். அவனுடைய படிப்பு போகிறது என்று கேட்டதும் என் மானம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. சனிக்கிழமை காலையில் ஹெட்மாஸ்டரிடம் தெலுங்கில் மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டு, ராகிக் கொல்லைகளுக்கு நடுவே அவர்கள் ஊருக்கு நடந்தேன். வழியெல்லாம் அதை உருப்போட்டேன்.

அவன் அம்மா வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். நான் நின்ற நிலையில், "தப்பு அயிபோயிந்தம்மா, மன்னிஞ்சண்டி" என்றேன்.

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "எங்களுக்குத் தமிழு நல்லா வரும் டீச்சரம்மா. நீ தமிழ்லயே சொல்லு. கேக்கறதுக்கே பாவமா இருக்குது."

தமிழில் சொன்னேன். அர்த்தம் தெரியாது என்றேன். கோதண்டராமனின் சுருக்கம் என்று நினைத்தேன் என்றேன். அவருக்கு உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குப் புரியவில்லை. "பள்ளிக்கூடத்துல அத்தனை பேரும் இவனை அப்பிடித்தான் கூப்பிடறாங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். ஒரு நாள் வாயத் தொறந்து சொன்னதில்ல. நீ கத்தினதாலதான் தெரிஞ்சுது" என்றார்.

மாட்டுத் தொழுவத்துப் பக்கம் கோதண்டராமன் நின்றிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

அவன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். "மத்தவங்க கூப்ட்டா முழுக் கோவம் வரும் டீச்சர். நீங்க கூப்ட்டா பாதிக் கோவம்தான் வரும். சொன்னா நீங்க கூப்பிடறதையே விட்டுருவீங்கன்னு நெனச்சேன்."

அவனே மேலும் சொன்னான். "எனக்கு மட்டும் இல்ல. ராஜம்மாவுக்கும் இருக்குது. எல்லாருக்கும் இருக்குது. உங்களுக்கு ஒண்ணும் புரியாதுன்னு அவனுங்களுக்குத் தெரியும்."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் என்னான்னு கேளுங்க டீச்சர்."

திங்கட்கிழமை காலை கடைசி மணி அடிக்கும்போது அவன் வந்து வாசல் ஓரத்தில் உட்கார்ந்தான். நான் வகுப்பிடம் சொன்னேன். "எனக்குத் தெலுங்கும் தெரியாது, கன்னடமும் தெரியாது. அதனால அவமானப்பட்டேன். இனிமே யாரு யாரை என்ன சொன்னாலும், எனக்குப் புரியுற வரைக்கும் தமிழ்ல விளக்கணும். அடி கிடையாது, திட்டு கிடையாது. விளக்கம் மட்டும்தான்." உடனே ஆரம்பித்தேன். "முனிரத்தினம், கப்பான்னா என்ன?"

"தவளை டீச்சர்."

"ராஜம்மா தவளையா?"

"இல்ல டீச்சர். கண்ணு..."

"கண்ணுக்கு என்ன?"

"பெருசா இருக்குது."

"பெருசா இருந்தா என்ன ஆகும்?"

முனிரத்தினம் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். "நல்லா தெரியும் டீச்சர்."

வகுப்பு சிரித்தது. இந்த முறை எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கும் தெரிந்தது. ராஜம்மாவும் சிரித்தாள். முனிரத்தினத்துக்குக் காது சிவந்துவிட்டது.

"சரி, கோத்தின்னா?"

முனிரத்தினம் வாசல் ஓரத்தைப் பார்த்தான். விளக்கிச் சொல்ல வரும்போதுதான் அந்தச் சொல் எவ்வளவு அசிங்கம் என்று அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். கடைசியில், "அர்த்தம் ஒண்ணும் இல்ல டீச்சர். அவன் பேரு கோதண்டராமன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

பட்டப்பெயர்கள் அன்றோடு ஒழிந்தன என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவை அப்படி மேடையேறிச் சொன்னது போதும். ஆனால் விளக்கம் சொல்கிற தொல்லைக்குப் பயந்தே நிறையப் பேர் விட்டுவிட்டார்கள். ராஜம்மா எட்டாம் வகுப்பு வரைக்கும் வந்தாள். கோதண்டராமன் அடுத்த வருஷ விழாவில் ஏரிப் பறவைகளைப் பற்றிப் பேசினான். அவனை மேடைக்கு அழைத்தது ஹெட்மாஸ்டர். நான் பேசவே கூடாது என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோதண்டராமன் பின்னால் கால்நடை மருத்துவராகி ஓசூரிலேயே குடியிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்தாலும், ஜெபம் முடிந்ததும் என் மகன் அவருக்கு டெலிபோன் போட்டு, தெலுங்கிலும் கன்னடத்திலும் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவிடுவான். அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பேத்திக்கு லில்லி என்று வைத்தபோதும் கேட்டோம்.

"நல்ல பேரு" என்றார் டாக்டர் கோதண்டராமன். "கன்னடத்துல 'இல்லி'ன்னா 'இங்கே'ன்னு அர்த்தம். கூப்ட்டா ஓடி வந்துரும். ஆனா சபையில மொதல்ல வேற யாராவது கூப்பிடட்டும். டீச்சரை மட்டும் கொஞ்சம் பிடிச்சி வச்சிக்கோங்க."