கூடத்தில் ஓடிய பாய்மரப் படகு

மனைவியிடம் இனி எதையும் கேட்பதில்லை, அறிவிப்பதுதான் என்று, கட்டட வரைபடம் போட்டுப் பிழைக்கும் நம் ஆள் சனிக்கிழமை பல் துலக்கும்போதே முடிவு செய்துவிட்டார். எட்டு மணிக்கு அறிவித்தும் விட்டார்.

"படகு ஒண்ணு வாங்கப் போறேன். பாய்மரம். பத்தொன்பது அடி. ஞாயித்துக்கிழமையானா நாம மூணு பேரும் கரையோரமாவே சுத்திட்டு வரலாம்."

மூன்றாவது ஆளுக்குப் பத்து மாதம். நடக்க வராது, தவழ்வதில் மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டில் பெயர் ராக்கெட். அதை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மனைவி கேட்டாள்.

"கவிழாதா?"

"எப்படிக் கவிழும்? அடியில கனமா ஒரு இரும்புப் பலகை தொங்குது. காத்து தள்ளினா சாயும், தானா நிமிந்துக்கும். பலகையை மேல தூக்கிட்டா முழங்கால் தண்ணியிலகூடப் போகும்."

"சாயும்னா, எவ்வளவு?"

"இருபத்தஞ்சு டிகிரி. அது ஒரு சுகம். ஓட்ட ஒரே ஆள் போதும். நீ ராணி மாதிரி உக்காந்து வா."

அவள் முகம் வெளுத்தது. பூரிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

"சரிங்க. நாளைக்கு வீட்டுக்குள்ளயே ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாம்."

உச்சி குளிர்ந்துபோனார். மறுநாள் காலை சாக்பீஸால் கூடத்தில் அசல் அளவில் படகை வரைந்தார். மூக்கு சமையலறைக்குள் நுழைந்தது. வால் வாசற்படியைத் தொட்டது. கோட்டுக்கு உள்ளே படகு, வெளியே கடல் என்று சட்டமும் போட்டார்.

மனைவி பெஞ்சைப் படகுக்குள் இழுத்து வந்து ஒரு பக்கக் கால்களுக்கு அடியில் மும்மூன்று செங்கல் வைத்தாள். ராக்கெட்டையும் படகுக்குள் இறக்கிவிட்டாள். அவர் கோணம் பார்த்தார். அச்சாக இருபத்தைந்து. கணக்கென்றால் காத தூரம் ஓடுகிறவளுக்கு இது எப்படி வந்தது என்று ஒரு கணம் யோசித்தார். யோசித்தபடியே பெஞ்சில் உட்கார்ந்தவர் வழுக்கி விழுந்தார்.

பத்து நிமிடத்தில் குளியலறைக்கு எழுந்தார்.

"கடல்ல காலை வைக்கிறீங்க."

உட்கார்ந்தார். வழுக்கினார்.

"எதிர்க்காத்துல படகு நேரா போகுமா?" சமையலறைக் 'கரை'யில் நின்று அவள் கேட்டாள்.

"போகாது. வளைஞ்சு வளைஞ்சுதான் போகணும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் பாய் அந்தப் பக்கம் மாறும், படகும் அந்தப் பக்கம் சாயும்."

"அப்ப மாத்துங்க. காத்து எதிர்ல."

செங்கற்களை உருவி எதிர்க் கால்களுக்கு வைத்தார். ஐந்து நிமிடம் கழித்து, "திருப்பம்," என்றாள். உருவினார், வைத்தார். மறுபடி திருப்பம். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அடுப்பில் விழுந்த எறும்பாகத் தவித்தார். ஆறாவது திருப்பத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

படகில் ராக்கெட் இல்லை.

பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். இல்லை. திரும்பினால், வாசற்படியில், சாக்பீஸ் கோட்டுக்கு ஒரு முழம் வெளியே, குழந்தையை மனைவி பிடித்துக்கொண்டு நின்றாள்.

"படகைத் திருப்ப உங்க ரெண்டு கையும் வேணும். ஆறு தடவையும் பாத்தேன்," என்றாள் மெதுவாக. "இதைப் பிடிக்க எந்தக் கை?"

அவர் கையிலிருந்த செங்கலைக் கீழே வைத்தார்.

மாலையில் படகை விற்கவிருந்த படகுக்காரரிடம் தொலைபேசியில் பேசினார். முடிவு தன்னுடையது என்று தெரியும்படி குரலைக் கனமாக்கிக்கொண்டார்.

"நல்லா யோசிச்சேன். படகு வேணாம். ராக்கெட் நடந்து, நீச்சலும் கத்துக்கட்டும். அப்புறம் பாக்கலாம். இது நானா எடுத்த முடிவு."

"வேணாம்னு உங்க வீட்டம்மா நேத்தே சொல்லிட்டாங்களே சார். படகும் வேற ஆளுக்குப் போயிடுச்சு," என்றார் படகுக்காரர். "ஆமா, ஒன்றரை அடி அகல பெஞ்சு இருபத்தஞ்சு டிகிரி சாய எத்தனை செங்கல் வேணும்னு கேட்டாங்க. மூணு சரியா இருந்துச்சா?"