நாலு புள்ளி இரண்டு திருப்தி

எங்கள் கல்லூரியில் ஆராய்ச்சி முறைகள் என்னும் பாடத்தை ஒரே நேரத்தில் இருநூற்று நாற்பது பேருக்கு நடத்துகிறேன். வகுப்பறை போதாததால் கலையரங்கம். குரல் போதாததால் மைக். கடைசி நாலு வரிசைக்கு என் முகம் தெரியாது. எனக்கும் அவர்களைத் தெரியாது என்பதால் பரஸ்பர மரியாதைக்குக் குறைவில்லை.

தரக்குழு வருகையை முன்னிட்டு, ஆளுக்கொரு கள ஆய்வு சமர்ப்பிக்க வேண்டுமென்று மேலிடம் பணித்தது. தலைப்பு: ராஜபாளையம் மில் தொழிலாளரின் பணித் திருப்தி. கேள்வித்தாளுக்கு நான் அலட்டிக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் என் டாக்டர் பட்டத்துக்குத் தயாரித்ததையே கொடுத்துவிட்டேன். கேள்விக்கு ஐந்து கட்டம். ஒன்று என்றால் துளியும் திருப்தியில்லை. ஐந்து என்றால் மிகுந்த திருப்தி.

இருநூற்று முப்பத்தொன்பது பேருக்கும் சராசரி நாலு புள்ளி இரண்டு. ஜெயசித்ரா என்ற பெண்ணுக்கு மட்டும் ஒன்று புள்ளி ஆறு. போதாக்குறைக்குக் கட்டங்களுக்கு வெளியே வேறு என்னென்னவோ எழுதியிருந்தாள்.

துறைத்தலைவர் ஐயாதுரை சாரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"அம்புட்டுப் பேரும் ஒண்ணு சொல்லுதாங்க. இந்தப் பிள்ளை மட்டும் வேற சொல்லுது. புள்ளியியல்படி யாரு தப்பு?"

"இந்தப் பிள்ளை நேர்ல போயிருக்கு சார்."

"மத்தவங்க?"

"கேன்டீன்ல."

"கேன்டீனும் களந்தான்யா. திருத்திக் கொண்டாரச் சொல்லுங்க. இல்லேன்னா பெயில் போடுங்க."

மறுத்துப் பேசலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நாலு புள்ளி இரண்டு என் ஆய்வேட்டின் சராசரி. பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் ஈயடிச்சான் காப்பி அடித்திருந்தார்கள். அந்த ஆய்வேட்டின் முந்நூறு கேள்வித்தாளையும் வத்திராயிருப்பு பஸ்ஸில், மடியில் வைத்து நானே நிரப்பினேன். இவள் சொல்வது சரியென்றால் என் பெயருக்கு முன்னால் இருக்கும் 'முனைவர்' என்னாவது? வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் அவளைக் கூப்பிட்டேன்.

"யாரையம்மா கேட்ட?"

"எங்கம்மாகூட வேலை பாக்கிற நாப்பது பேரை சார். கால் வலிக்கு எந்தக் கட்டம்னு கேட்டாங்க. அப்படி ஒண்ணு இல்லேன்னேன். அதான் ஓரத்துல எழுதுனேன்."

"திருத்திக் கொண்டு வா. இல்லேன்னா அரியர்."

"வேலைக்கு ஆர்டர் வந்திருக்கு சார். அரியர் இருந்தா அது போயிரும்."

"அதுக்குத்தான் சொல்றேன்."

மறுநாள் வந்தாள். சராசரி நாலு புள்ளி இரண்டு. கட்டத்துக்கு வெளியே ஓர் எழுத்துக்கூட இல்லை.

"மறுபடி கேட்டியா?"

"இல்ல சார். லைப்ரரியில உங்க ஆய்வேட்டைப் பாத்து எழுதுனேன். எங்கம்மா மில்லு ஆபீஸ்லயும் அது இருக்கு சார். நின்னே வேலை பாக்கோம், ஆளுக்கொரு ஸ்டூல் போடுங்கன்னு போன வருஷம் எங்கம்மாவும் கூட வேலை பாக்கிறவங்களும் கேட்டிருக்காங்க. நீங்கல்லாம் திருப்தியா இருக்கீங்கன்னு ஒரு டாக்டரே எழுதியிருக்காருன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம்."

அவளை உட்காரச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. பிறகு, 'பிழை முழுமையாகக் களையப்பட்டது' என்று எழுதி, நாற்காலியில் சாய்ந்துகொண்டு நூற்றுக்கு நூறு போட்டேன்.