அரைஞாண் கயிற்றில் ஒரு ஏடிஎம் கார்டு

கோவில்பட்டியில் வாழ்நாள் முழுக்க ஒரு குண்டூசியைக்கூடத் தொலைக்காத மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் கயிற்றுக்கடை அண்ணாச்சிதான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டைப் பார்த்தால் தெரிந்திருக்கும். நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

மார்க்கெட்டை ஒட்டி அவருடைய கடை. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, கிணற்றுக்கு வடக்கயிறு, லாரிக்குத் தார்ப்பாய், தீப்பெட்டி ஆபீசுகளுக்குச் சணலும் சாக்கும் என்று, கட்டுகிற மூடுகிற சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். அவர் விற்ற கயிற்றைவிடச் சொந்த உபயோகத்துக்கு எடுத்த கயிறுதான் அதிகம் என்று கடைத்தெருவில் பேச்சு. மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கயிறு, பேனாவுக்கு ஒரு கயிறு, குடைக்கு ஒரு கயிறு. வீட்டுக்கு டி.வி. வந்ததும் ரிமோட்டைக் கட்டில் காலில் கட்டிப்போட்டார். கட்டிலில் படுத்திருப்பவர் மட்டும்தான் சேனல் மாற்ற முடியும். படுத்திருப்பவர் எப்போதும் அவர்தான்.

ஒரு பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு கழுகுமலை போனவர், கூட்டத்தில் யாரும் தவறிவிடக் கூடாதென்று மனைவியையும் இரண்டு பெண்களையும் ஒரே கயிற்றில் கைக்குக் கை கட்டி, நுனியைத் தான் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். தேர்வடம் என்று நினைத்து நாலைந்து பேர் பின்னால் வந்து பிடித்துக்கொண்டார்கள் என்பது கடைத்தெரு சேர்த்துச் சொன்னது. நான் நம்புகிறேன்.

"தொலையிற சாமான்னு ஒண்ணு கெடையாதுலே. கட்டாம விட்ட சாமான்தான் உண்டு" என்பார். இதற்கு மேல் அவரிடம் தத்துவம் கிடையாது. இதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மூன்று நான்கு வருஷம் இருக்கும். இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில் மேல்படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்தது. என் அப்பா ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். பேங்கில் படிப்புக் கடன் கேட்டால் ஈடு வைக்கச் சொத்து கேட்டார்கள். அப்பாவிடம் இருந்தது ஒரு சைக்கிளும் நல்ல பெயரும்தான். இரண்டையும் பேங்கில் ஏற்கவில்லை. விஷயம் காதில் விழுந்ததும், யாரும் கேட்காமலே, கயிற்றுக்கடை அண்ணாச்சி தன் கடைப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு பேங்குக்கு வந்துவிட்டார். அப்பா கூச்சத்தில் என்னவோ சொல்லப் போக, "கடை எங்கயும் ஓடிராது, சும்மாதான நிக்கி" என்று அடக்கிவிட்டார்.

அன்றோடு அவருடைய சாமான்களில் நானும் ஒன்றாகிப் போனேன்.

பண ஏற்பாடு இதுதான். கல்லூரிக் கட்டணத்தை பேங்க் நேராக அங்கே அனுப்பிவிடும். சாப்பாடு, வாடகைக்கான பணம் கோவில்பட்டிக் கணக்கில் கிடக்கும். நான் அங்கே ஏடிஎம் கார்டைப் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். கார்டு வந்த அன்று அண்ணாச்சி அதைக் கையில் வாங்கி, மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் பார்த்தார்.

"அம்புட்டுப் பணமும் இதுக்குள்ளயா இருக்கு?"

"இதுக்குள்ள இல்ல அண்ணாச்சி. இங்கன பேங்க்லதான் இருக்கு."

"இங்கன இருக்கது அங்கன எப்படிலே வரும்?"

விளக்கினேன். சாயங்காலம் வரை விளக்கினேன். சாட்டிலைட் வரைக்கும் போய்ப் பார்த்தேன். கடைசியில் அவருக்கு ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்தது. இந்த அட்டை தொலைந்தால் நான் நடுத்தெருவில் நிற்பேன், படிப்பை விட்டுத் திரும்பி வருவேன், பேங்க் அவருடைய கடையை எடுத்துக்கொள்ளும். கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காலையில் வந்து வாங்கிக்கொள் என்று போய்விட்டார்.

காலையில் கார்டின் மூலையில் ஒரு ஓட்டை இருந்தது. சாக்கு தைக்கிற ஊசியைப் பழுக்கக் காய்ச்சிப் போட்ட ஓட்டை. எழுத்தில் படாமல், பின்பக்கத்துக் கறுப்புப் பட்டையில் படாமல், அவ்வளவு நறுவிசாகப் போட்டிருந்தார். அதில் ஒரு சிவப்புக் கயிற்றைக் கோத்து, மறுமுனையை என் அரைஞாண் கயிற்றில் கட்டிவிட்டார். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் விசித்திரமில்லை. கல்லாப்பெட்டிச் சாவி, பீரோச் சாவி எல்லாம் அரைஞாணில் தொங்குகிற ஊர்தான். என் அம்மா பார்த்துவிட்டு, "இப்பத்தான் எனக்கு நிம்மதியா இருக்கு" என்றாள்.

வெள்ளோட்டமும் பார்த்தோம். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மெஷினில் கார்டை உள்ளே நுழைத்து உடனே வெளியே உருவிவிட வேண்டும். பிறகுதான் நம்பரை அழுத்த வேண்டும். கயிறு ஒரு தொந்தரவும் செய்யவில்லை. பணம் வந்தது. அண்ணாச்சி வாட்ச்மேனைப் பெருமையோடு பார்த்தார். வாட்ச்மேன் என் சட்டைக்குக் கீழே தொங்கிய கயிற்றைப் பார்த்தார்.

சென்னையிலேயே அதை வெட்டி எறிந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் இன்றுவரை கேட்கிறாள். உண்மையைச் சொல்வதானால், விமானம் ஏறும் வரை பாஸ்போர்ட் இருக்கிறதா, டிக்கெட் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கார்டை மட்டும் ஒரு தடவைகூடத் தேடவில்லை. அது தொப்புளுக்குப் பக்கத்தில் குளுகுளு என்று கிடந்தது. தவிரவும், அண்ணாச்சி போட்ட முடிச்சை அவிழ்க்க அண்ணாச்சியே வந்தால்தான் உண்டு.

லீட்ஸ் போய்ச் சேர்ந்து, கையில் கொண்டுபோன நோட்டுகள் எல்லாம் வீட்டு அட்வான்சுக்கும் கம்பளிக் கோட்டுக்கும் கரைந்த பிறகு, முதல் மாத வாடகைக்காக ஒரு பேங்க் சுவரில் இருந்த மெஷின் முன்னால் போய் நின்றேன். கோட்டைத் திறந்து, ஸ்வெட்டரைத் தூக்கி, சட்டையை உருவி, கார்டை எடுத்து மெஷினின் வாயருகில் வைத்தேன்.

அங்கேதான் வெள்ளைக்கார மெஷினின் குணம் தெரிந்தது. நம் ஊர் மெஷின் கார்டை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடும். இது முழுதாக விழுங்கி வைத்துக்கொண்டு வேலை செய்கிற ஜாதி. உள்ளே என்ன உருளை இருந்ததோ, கார்டோடு கயிற்றையும் சேர்த்து இழுத்தது. நான் சுவரை நோக்கிப் போனேன். அதாவது, கொண்டுபோகப்பட்டேன். வயிறு மெஷினில் ஒட்டியதும் இழுப்பு நின்றது. திரையில் சேவை தற்காலிகமாக இல்லை என்று வந்தது.

எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசை. வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவன் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாலும் காரணம் கேட்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் போனதும் ஒரு வயதான அம்மாள் மட்டும், உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று விசாரித்தார். நன்றாக இருக்கிறேன் என்றேன். அவர் உள்ளே போய் பேங்க் அதிகாரி ஒருவரைக் கத்தரிக்கோலோடு அழைத்து வந்தார். அதிகாரி கயிற்றைப் பார்த்தார், என் இடுப்பைப் பார்த்தார். இது உங்கள் மதச் சடங்கா என்று மரியாதையாகக் கேட்டார். கயிற்றுக்கடை அண்ணாச்சியைப் பற்றி முதலிலிருந்து சொல்வதைவிட அது சுலபமாக இருந்ததால், ஆமாம் என்றேன். அவர் பயபக்தியோடு வெட்டிவிட்டார்.

நான் விடுபட்டேன். கார்டு விடுபடவில்லை. வேற்று பேங்க் கார்டு மாட்டிக்கொண்டால் அழித்துவிடுவதுதான் அவர்கள் வழக்கமாம். புதுக் கார்டு கோவில்பட்டி விலாசத்துக்கு வந்து, அங்கிருந்து எனக்கு வந்து சேர ஒரு மாதத்துக்கு மேலாகும். அங்கேயே ஒரு பேங்க் கணக்கு திறந்து பணத்தை வரவழைக்கலாம் என்றால், கணக்கு திறக்க விலாசத்துக்கு அத்தாட்சி வேண்டும். வீட்டுக்காரர் வாடகை தந்தால்தான் அத்தாட்சி தருவார். கணக்கு இருந்தால்தான் வாடகை தர முடியும். வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். வருகிற திங்கட்கிழமை காலைக்குள் பணம் இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி சிரித்துக்கொண்டே சொன்னார். ரொட்டியும் தண்ணீரும் சாப்பிட்டுக்கொண்டு, மிச்சமிருந்த சில்லறையில் போன் கார்டு வாங்கி அப்பாவைக் கூப்பிட்டேன்.

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. "அண்ணாச்சிகிட்ட எப்படிப்பா சொல்றது" என்றார் மெதுவாக. சொல்லத்தான் வேண்டியிருந்தது.

அடுத்து நடந்ததெல்லாம் பிறகு அப்பா சொல்லித் தெரிந்துகொண்டது. அண்ணாச்சி நேராக பேங்குக்குப் போய் மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கார்டு தொலையவில்லை, ஒரு பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது, பெட்டி எந்தச் சுவரில் என்பதும் தெரியும், பிறகு என்ன தடை என்பது அவருடைய கேள்வி. "அங்கன ஒரு போனைப் போட்டு, தெறந்து எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. அடையாளம் வேணும்னா செவப்புக் கயிறு கெடக்கும்" என்றாராம். மேனேஜர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அது முடியாது என்பதைப் பலவிதமாக எடுத்துச் சொன்னார். அண்ணாச்சி எழுந்து வந்து, பட்டப்பகலில் கடையைப் பூட்டினார். பந்த் அன்றுகூடப் பாதிக் கதவைத் திறந்து வைத்திருப்பவர் அவர். கடைத்தெருவே வெளியே வந்து பார்த்ததாம்.

மனிதர் போனது எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்கு. வாரம் தவறாமல் விடியுமுன் போய்க் கயிறு விற்றுவிட்டு, கடை திறக்கிற நேரத்துக்கு அவர் திரும்பிவிடுகிற இடம்தான். அன்றைக்குக் கயிறு கொண்டுபோகவில்லை. ஆடு கொண்டுவந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி, உங்கள் சொந்தத்தில் யாராவது வெள்ளைக்கார நாட்டில் இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார். துபாய் இருந்தது, மலேசியா இருந்தது, ஒருவருக்குத் திருப்பூர் இருந்தது. வெயில் ஏறி, சந்தை கலைகிற நேரத்தில் கழுகுமலைப் பக்கத்தில் ஆட்டு மந்தை மேய்க்கிற கீதாரி ஒருவர், தன் மகள் லண்டனில் நர்ஸ் வேலை பார்ப்பதாகச் சொன்னார். ஊரார் வயலில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டுப் போட்டுப் படிக்கவைத்த மகள். அண்ணாச்சி அவரோடு அதே மினிபஸ்ஸில் ஏறி அவர் வீட்டுக்கே போய்விட்டார்.

நமக்கு அந்த நாடு முழுவதும் லண்டன்தானே. விசாரித்ததில் அந்தப் பெண் இருந்தது பிராட்ஃபோர்ட் என்ற ஊரில். கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகிற தூரம்கூட இல்லை, லீட்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அண்ணாச்சி அங்கே அவள் அப்பாவிடம் பணத்தைக் கொடுப்பது, அவள் இங்கே என்னிடம் கொடுப்பது என்று ஏற்பாடு.

படிப்பு முடிந்ததும், வேலை கிடைத்ததும், கடன் அடைந்து கடைப் பத்திரம் திரும்பி வந்ததும் எல்லாம் பிறகு எல்லாரும் எதிர்பார்த்தபடியே நடந்தன. என் மனதில் தங்கிப்போனது அந்தப் பெண் பணத்தோடு வந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

மழை தூறிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால் நீலக் கோட்டு போட்ட ஒரு அக்கா, ஒரு கையில் கவரும் மறு கையில் தூக்குச்சட்டியுமாக நிற்கிறார். என் முகத்தைப் பார்த்ததும், "மொதல்ல உக்காந்து சாப்பிடுங்க தம்பி" என்றார். சோறும் ரசமும் முட்டைப் பொரியலும். வந்து ஒரு மாதத்தில் நான் பார்த்த முதல் ரசம். நான் சாப்பிட, அவர் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

"உங்க அப்பாவை மாதிரி ஒரு மனுசரை எங்க ஐயா பாத்ததே இல்லியாம். எங்க வீட்டுக்கு வந்தவிய, எங்கம்மா எலை போட்டும் கைய நனைக்கலயாம். பையன் அங்கன பட்டினியா கெடக்கான், எனக்கு எறங்காதுன்னு சொல்லிட்டாவளாம். நான் வேலைல இருந்து வந்து, போன்ல சரின்னு சொன்ன பொறவுதான் சாப்பிட்டாவளாம். அழுதிட்டாவன்னு ஐயா சொன்னாவ."

என் அப்பா எட்டயபுரம் சந்தைக்கே போனதில்லை. அந்த அக்கா யாரைச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அண்ணாச்சி அழுது யாரும் பார்த்ததில்லை. அவருடைய மூத்த பெண்ணை சிவகாசிக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பியபோதுகூட, காரின் மேலிருந்த பெட்டிகளின் கட்டைத்தான் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடை போய்விடுமே என்று பயந்து ஓடியிருப்பார் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் என் அப்பா இல்லை, கயிற்றுக்கடைக்காரர் என்று அந்த அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை.

"ஆமாக்கா. எங்க அப்பா அப்படித்தான்" என்றேன்.

"அவியளுக்கு மொதல்ல ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க. பாவம், காத்துக்கிட்டு இருப்பாவ" என்று சொல்லிவிட்டு, கவரை மேஜைமேல் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார்.

வாடகையைக் கொடுப்பதற்கு முன்னாலேயே தெருமுனை போன் பூத்துக்குப் போனேன். கடை நம்பரை அழுத்தினேன். அங்கே இருட்டியிருக்கும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. ஆனால் ஒரே மணியில் எடுத்துவிட்டார்.

"யாரு?"

"உங்க பையன்தான் பேசுதேன்" என்றேன்.

"சரி, சரி. போன்ல காசு ஓடுது, வையிலே" என்றார். அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.