ஒப்படைப்பு நோட்டு

பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரவேண்டும் என்று முடிவு செய்தேன். சாதாரண முடிவு இல்லை. காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேசை முன்னால் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு செய்த முடிவு.

காரணம் என் மனைவி. மருத்துவமனையில் செவிலியர். ஆபரேஷன் தியேட்டர் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வேறு ஊர், மூன்று மாதம். எட்டு வருடமாகக் காத்திருந்து கிடைத்த வாய்ப்பு. போகட்டுமா என்று என்னைக் கேட்டாள்.

“தாராளமா போ. ஆனா நீ இல்லாட்டி இந்தப் பிள்ளைங்க ஒரு டம்ளர் தண்ணிகூட எடுத்துக் குடிக்காதுங்க. பத்து நாள் நீ ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாம இந்த வீடு ஓடட்டும். அப்புறம் கிளம்பு.”

“வீடு ஓடினா போதுமா?”

“போதும்.”

“பேச்சு மாற மாட்டீங்களே?”

“நான் எப்போ மாறினேன்?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம் ஆனவனுக்கு அதுவும் ஒரு பதில்தான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வீடு ஓடாது என்று எனக்குத் தெரியும். ஓடக்கூடாது என்பதே என் ஆசை. பிள்ளைகள் வெறும் சாக்கு. அவள் இல்லாத வீட்டில் மூன்று மாதம் இருக்க எனக்குப் பயம். நானூறு குதிரைசக்தி பம்பையே அதட்டி ஓட்டுகிறவன் இதை வெளியே சொல்ல முடியுமா?

ஆமாம், நான் குடிநீர் இறைக்கும் நிலையத்தில் மேற்பார்வையாளர். அங்கே ஒரு நோட்டு உண்டு. ஷிப்ட் முடிந்து போகிறவர், இன்ன மெஷினை இன்ன நிலையில் ஒப்படைத்தேன் என்று எழுதுவார். வருகிறவர் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுவார். போட்டுவிட்டால் பொறுப்பு அவர் தலையில். பிறகு பம்பு நின்றாலும் பைப்பு வெடித்தாலும் சாக்குச் சொல்ல முடியாது. “கையெழுத்துப் போட்டாச்சுன்னா மெஷின் உன் பிள்ளை மாதிரி” என்று எத்தனையோ பேரைக் காய்ச்சி எடுத்திருக்கிறேன். வீட்டிலும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

அதே மாதிரி ஒரு நோட்டை வீட்டுக்கும் போட்டேன். மூத்தவளுக்குப் பதினொரு வயது. கேள்வி கேட்டே கொல்வதால் வீட்டில் பெயர் வக்கீல். இளையவனுக்கு எட்டு, எந்த வேலை சொன்னாலும் ‘அப்புறம்’ என்பான், அதனால் பெயரே அப்புறம். சீருடை துவைப்பதும் சாப்பாட்டு டப்பா கட்டுவதும் வக்கீலுக்கு. தண்ணீர் பாட்டில், ஷூ, குப்பைக்கூடை அப்புறத்துக்கு. சமையலுக்கு மட்டும் தெருமுனை மெஸ்.

“ஒரு நாள் முடியாட்டி?” என்றாள் வக்கீல்.

“வேற ஆள்கிட்ட எழுதி ஒப்படைக்கணும். வாங்கறவங்க கையெழுத்துப் போடணும்.”

“யார்கிட்ட வேணும்னாலுமா?”

“அம்மாவைத் தவிர.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்தாள். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் நாள் எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. அப்புறம் ஒரு ஷூவுக்கு மட்டும் பாலிஷ் போட்டான். வக்கீல் கட்டிய டப்பா பைக்குள் திறந்து கணக்கு நோட்டெல்லாம் குழம்பு. எனக்கு உள்ளே சந்தோஷம், முகத்தில் சோகம். மனைவி நாற்காலியில் சாய்ந்து பயிற்சிப் புத்தகம் படித்தாள்.

இரண்டாம் நாள் முகமெல்லாம் நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தேன். “அப்பா, ஒரு கையெழுத்து” என்று வக்கீல் நோட்டை நீட்டினாள். போட்டேன். எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. இருபது வருட வேலையில் ஒட்டிக்கொண்ட வியாதி. மாலையில் அப்புறம் நீட்டினான். அதற்கும் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை சீருடைகள் வாளியில் ஊறிக்கொண்டே இருந்தன.

“யாரு பொறுப்பு இதுக்கு?” என்று கர்ஜித்தேன்.

“நோட்டைப் பாருங்கப்பா.”

பார்த்தேன். சீருடை, டப்பா, பாட்டில், ஷூ, குப்பை. பத்தாம் நாள் வரைக்கும் ஒப்படைப்பு. இரண்டு பேருடைய பட்டியலுக்கும் கீழே என் கையெழுத்து. வழக்கமாகக் கோழி கிளறின மாதிரி இருக்கும். அன்றைக்குப் பார்த்து முத்து முத்தாக இருந்தது.

“இது ஏமாத்து வேலை!”

“கையெழுத்துப் போட்டாச்சுன்னா மெஷின் உங்க பிள்ளை மாதிரிப்பா,” என்றாள் வக்கீல்.

“நாங்க நிஜப் பிள்ளைப்பா,” என்றான் அப்புறம்.

மனைவியைப் பார்த்தேன். “நான்தான் துரும்பைக்கூடத் தொடக் கூடாதே,” என்று பக்கத்தைப் புரட்டினாள்.

நோட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம். மறுநாள் எந்த முகத்தோடு பம்பு ஆட்களை அதட்டுவேன்? துவைத்தேன். சிவப்புத் துண்டையும் சேர்த்துத் துவைத்ததில் அப்புறம் இளஞ்சிவப்புச் சட்டையோடு பள்ளிக்கூடம் போனான். ஆனால் ஒன்று, பிள்ளைகள் என்னைத் தனியாக விடவில்லை. காலரில் அழுக்கு இருக்கு, மூடியை இப்படித் திருகுங்க என்று பக்கத்திலேயே நின்றார்கள். அப்புறம் ரொட்டியின் ஓரத்தைத் தின்னமாட்டான் என்பது எட்டு வருடம் கழித்து எனக்குத் தெரிந்தது. எட்டாம் நாள் வக்கீலுக்கு இரட்டைப் பின்னல் போட்டேன். ஒன்று கிழக்கே போனது, ஒன்று மேற்கே போனது. தொட்டுப் பார்த்துவிட்டு, “பரவாயில்லப்பா” என்று அதோடேயே பள்ளிக்கூடம் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்தாம் நாள் மாலை மனைவி பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

“வீடு ஓடிச்சில்ல?”

“ஓடிச்சு. ஆனா பிள்ளைங்களுக்குப் பொறுப்பு வரலையே! எல்லாம் நான்தானே செஞ்சேன்?”

“வீடு ஓடினா போதும்னீங்க. யாரு ஓட்டணும்னு சொல்லலையே.”

பெட்டியின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தேன். பிறகு உண்மை தானாக வந்தது.

“நீ இல்லாம எனக்குப் பயமா இருக்கு.”

“தெரியும்ங்க,” என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். “அதனாலதான் உங்களைச் சும்மா விட்டுட்டுப் போக மனசு வரலை. பிள்ளைங்களுக்குப் பொறுப்பு வரலைன்னு மட்டும் சொல்லாதீங்க.”

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து என் கையில் கொடுத்தாள். முதல் நாள் தேதி போட்டிருந்தது. ஒப்படைத்தவர், அம்மா. பெற்றுக்கொண்டவர்கள், வக்கீலும் அப்புறமும். செய்ய வேண்டியது, பத்து நாளில் வீட்டு வேலை பழக்குவது. ஒப்படைக்கப்பட்டது, அப்பா ஒன்று.

அதன் கீழே, பத்தாம் நாள் தேதியிட்டு, வக்கீலின் உருண்டை எழுத்தில் நிலைக் குறிப்பு:

“நன்றாக ஓடுகிறது. சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம்.”