ரிமாலர்கள் சலாம் சொன்ன நாள்

அரைகுறைச் சிங்களத்தை வைத்துக்கொண்டு யாரும் புதிதாக ஒரு மொழியை உருவாக்கக் கூடாது. நான் உருவாக்கினேன்.

அப்போது கற்பிட்டிப் பக்கம் ஒரு பாடசாலையில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். கலைவிழாவில் ஆண்டுதோறும் ஒரே நாடகம்தான்: ஓர் இளவரசன், ஒரு பாலைவனம், கறுப்புத் துணி கட்டிய இருபது கள்ளர். கள்ளர்கள் வருவார்கள், கத்துவார்கள், அடிவாங்கிச் சாவார்கள். அவர்களுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. எனக்குப் பொறுக்கவில்லை. (இருபத்து மூன்று வயது. எதையும் பொறுக்காத வயது.)

இரண்டே கிழமையில் அவர்களை ‘ரிமாலர்’ என்ற மக்களாக மாற்றினேன். நட்சத்திரங்களுக்கு நாற்பது பெயர்கள், ஒட்டகத்துக்குத் தாலாட்டு, விருந்தாளி கைகழுவும்வரை வீட்டுக்காரர் உட்காரக் கூடாது என்ற சட்டம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சலாம்: “மேகொரா!” உன் தலைக்குமேல் மேகம் நிற்கட்டும் என்று பொருள். (எழுதிவிட்டு நானே கண்கலங்கினேன்.)

நாடகப் பிரதியைப் புரட்டிய பாடசாலை அதிபர் கேட்டார்: “கள்ளன்மார் எங்க, டீச்சர்?”

“இல்ல சேர். இவங்க நல்ல ஆக்கள்.”

“அப்ப இளவரசன் யாருக்கு அடிக்கிற?”

“அடிக்கல்ல சேர். விருந்து சாப்பிடுறார்.”

அவர் பெருமூச்சு விட்டார். “என்னமோ செய்ங்க. விழாவுக்கு வாற கல்வி அதிகாரி நல்லா எழுதினாத்தான் உங்கட வேலை நிரந்தரமாகும். ஞாபகம் வெச்சுக்கங்க.”

ஒத்திகையில் பிள்ளைகள் சலாம் சொல்லும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கலையின் மகிழ்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

விழா நாளன்று சிலாபத்துப் பக்கமிருந்து அதிகாரி வந்தார். சிங்களவர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ரிமாலர் மரபுப்படி அவரை மேடைக்கு அழைத்து, கைக்குத் தண்ணீர் ஊற்றி, பேரீச்சம்பழம் கொடுத்தோம். அவர் முகம் மலர்ந்தது. பிறகு இருபது ரிமாலரும் வலக்கையை அவரை நோக்கி நீட்டி, ஒரே குரலில் முழங்கினார்கள்:

“மே ஹொரா!”

சிங்களத்தில் அதற்கு ‘இந்தக் கள்ளன்’ என்று பொருள். ‘ஹொரா’ என்ற சொல் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நான் எழுதிய ‘கொ’ பிள்ளைகளின் வாயில் ‘ஹொ’ ஆனது என் காதில் ஏறவே இல்லை. அங்கே மேகம் அடைத்துக்கொண்டிருந்தது.

அதிகாரியின் வாயில் பேரீச்சம்பழம் அப்படியே நின்றது. முன்வரிசையில் அதிபர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மேடைக்கு ஓடினேன். இந்த மக்களைக் கள்ளர் என்று சொல்வது தவறு, அதைத் திருத்தத்தான் இந்த நாடகம் என்று விளக்க வேண்டும். என்னிடமிருந்த சிங்களம் முழுவதையும் திரட்டி, பிள்ளைகளைக் காட்டிச் சொன்னேன்:

“சேர், மே மினிஸ்ஸு ஹொரு நெமெய்!” இவர்கள் கள்ளர் இல்லை, சேர்!

அவர் ஒரு கணம் யோசித்தார். “எஹெனம் மமத?” என்றார். அப்படியென்றால் நானா?

முதலில் சிரித்தது அவர்தான். கொட்டையைத் துப்பிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கோ சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அறிக்கையில் நல்லதாகவே எழுதினார், வேலையும் நிரந்தரமானது. (சிங்களப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பும்படி ஒரு வரியும் இருந்தது.) அடுத்த வருடம் அதிபர் பழைய நாடகத்தையே போட்டார். என் ரிமாலர்கள் மறுபடி கறுப்புத் துணி கட்டி, பெயரில்லாமல் செத்தார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் நான் சொல்லும் எந்தப் புதுச் சொல்லுக்கும் மதிப்பில்லை. என் மகளுக்கு நான் தேர்ந்தெடுத்த பெயரை உம்மா முதலில் பக்கத்து வீட்டு நந்தா அக்காவிடம் கொண்டுபோய், “இதுக்குச் சிங்களத்துல கெட்ட அர்த்தம் ஏதும் இருக்கா?” என்று கேட்டார். நந்தா அக்கா இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, “ஹொந்தாய்” (நல்லது) என்று தலையாட்டிய பிறகுதான் வாப்பா பிள்ளையின் காதில் அந்தப் பெயரைச் சொன்னார்.